என் குரலுக்கு இருந்த மரியாதை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தோட்டக்கலைத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். போன வாரம் பெரியகுளத்தில் உங்கள் பயிற்சியின் கடைசி நாளன்று என்னையும் கொஞ்ச நேரம் பேச அழைத்திருந்தார்கள். நான் எழுந்ததும் முன்வரிசையில் இருந்த எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தீர்கள். என்னைத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று காலரைச் சரிசெய்துகொண்டேன், வயிற்றை உள்ளே இழுத்தேன். பிறகுதான் புரிந்தது, நீங்கள் உங்களையே எடுத்துக்கொண்டிருந்தீர்கள், நான் பின்னால் மங்கலாகத் தெரியும் திரைச்சீலை. வயிற்றை மறுபடி வெளியே விட்டுவிட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை. அதனால் சொல்ல நினைத்ததை எழுதியே தந்துவிடுகிறேன்.

இலையில் புள்ளி விழுந்தால் என்ன மருந்து, வேரில் புழு இருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் புத்தகத்தில் இருக்கிறது. சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்பது எப்படி என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. அந்தப் பாடத்தில் நான் தோற்ற விதத்தைச் சொல்கிறேன்.

தோட்டக்கலை அலுவலராக என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் கம்பம் வட்டாரத்தில், திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே முதுகை வளைத்தபடி போயிற்று. வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்காக ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும். பன்னீர் திராட்சைக்கு நிறம் முதலில் வரும், இனிப்பு பின்னால் ஆற அமர வரும். கொத்து கறுத்துவிட்டது என்று நம்பி வெட்டினால் புளிக்கும். மாங்காயைப் போலப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. கொடியைவிட்டு இறங்கினால் அன்றைய ருசிதான் அதன் கடைசி ருசி. சரி, நன்றாக இனிக்கட்டும் என்று காத்திருந்தாலோ, நடுவில் ஒரு பெருமழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். வெட்டுகிற நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு திராட்சைக்காரரின் வருடம் முழுவதும் தொங்குகிறது.

அப்படிப்பட்டவர்களுக்காக நான் ஒரு போன் குழு தொடங்கினேன். ‘திராட்சைச் சொந்தங்கள்’ என்று பெயர். தொடக்கத்தில் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லும் ஒரு சராசரி மனிதனாகத்தான் இருந்தேன். புயல் வந்த ஒரு வருடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. மழை உறுதி என்று தெரிந்த அன்று, பழம் முற்றி நின்ற தோட்டக்காரர்களுக்காக குரலைத் தாழ்த்திக் கனமாக்கி அவசரமாக ஒரு குரல் பதிவு போட்டேன்.

“சொந்தங்களே! யோசிக்காதீக. இன்னைக்கே வெட்டிருங்க. நாளைக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்தப்போகுது. வெட்டின பழம் உங்களுது, வெட்டாத பழம் மழைக்கு. கத்தரியக் கையில எடுங்க!”

எடுத்தார்கள். மறுநாள் ஊற்றியது.

அன்று குழுவில் எனக்கு விழுந்த கும்பிடு கைகளும் இதயங்களும் கொஞ்சமல்ல. ஒருவர் என் புகைப்படத்துக்குப் பின்னால் சூரியன் உதிப்பதுபோலச் செய்து போட்டார். அரசாங்கத்தில் அத்தனை வருடம் உழைத்து நான் வாங்கியது ஒரு எவர்சில்வர் தட்டும் இரண்டு மெமோவும்தான். என் தலைக்குப் பின்னால் சூரியனை யாரும் வைத்ததில்லை. அந்தப் படத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று என் கட்டைவிரலைக் கேட்டால்தான் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் ஒரு பதிவு. சொல்ல விஷயம் இருந்ததா என்று கேட்காதீர்கள். புயல் அன்று வந்த அதே கனத்த குரலைத் தினமும் வரவழைத்துக்கொண்டேன். வீட்டுக் குளியலறையில் எதிரொலி நன்றாக விழுந்ததால் அங்கேயே நின்று பேசினேன். இந்தப் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயத்தின் முக்கியமான அறிவிப்புகள் பலவும் என் வீட்டு வாளிக்கும் குவளைக்கும் நடுவில் வெளியிடப்பட்டவை. ஒரு நாள் சாப்பாட்டில் என்னையறியாமல் அதே குரலில், “சொந்தங்களே, அந்தச் சட்னிய இப்படித் தள்ளுங்க” என்றேன்.

என் மனைவி கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். “சொந்தமெல்லாம் போன்ல இருக்காக. இங்கன இருக்கிறது பொண்டாட்டி. சட்னிய அவுகட்டயே கேட்டு வாங்கிக்கங்க.”

யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று பார்ப்பது அடுத்த வியாதி. ஒரு விவசாயி ஒரு வாரமாக என் பதிவைத் திறக்கவேயில்லை. ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து, வேலை மெனக்கெட்டு அவர் தோட்டத்துக்கே போய், “ஏன்யா, நம்ம பேச்சு பிடிக்கலையா?” என்று கேட்டேன். அவர் மருந்து கலக்கும் டிரம்மைக் காட்டினார். போன் அதற்குள் விழுந்து வாரமாகியிருந்தது. பூச்சி இருந்ததோ இல்லையோ, அந்த வார மருந்தில் என் உபதேசமும் கலந்து தெளிக்கப்பட்டிருக்கிறது.

இப்போது பவுன்தாயைச் சொல்ல வேண்டும். சுருளி போகிற பாதையில் அவர்களுக்கு ஒரு பந்தல். கணவர் இறந்தபிறகு, “பொம்பளையாளு திராட்சைய வச்சு மேய்க்க முடியாது, கொழுந்தன் தங்கராசுட்ட விட்டுரு” என்று வீட்டில் பேச்சு வந்தது. அவர் விடவில்லை. கடைசியில் மாமனார் ஒரு முடிவு சொன்னார். ஒரே ஒரு வெள்ளாமை அவள் கையில். ஒழுங்காக எடுத்தால் தோட்டம் அவள் பொறுப்பு. இல்லாவிட்டால் தங்கராசு கொடியைப் பிடுங்கிவிட்டு வாழை வைப்பான். ஆக, பவுன்தாய்க்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, ஒரே ஒரு அறுப்பு.

அடுத்த காய்ப்புக்காகக் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து கொடி தளிர்த்திருந்த சமயம் அவர் தோட்டத்துக்குப் போனேன். ஒரு இலையைப் பறித்து என் மூக்குக்கு நேராக நீட்டி, “இது என்ன சார், ஓரமெல்லாம் கருகுது?” என்று கேட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இலையை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னது இது: “போட்டோ எடுத்துக் குழுவுல போடுங்கம்மா, பதில் சொல்றேன்.”

“நான் இங்கனதான சார் நிக்கிறேன்?”

“குழுவுல போட்டா நாலு பேருக்குப் பயன்படும்ல?”

அவர் போட்டார். அதே இடத்தில் நின்றுகொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி, வெயில் கண்ணை மறைக்காமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு, குழுவுக்குப் பதில் சொன்னேன். உடனே கும்பிடு கைகள் வந்து விழுந்தன. திரும்பிப் பார்த்தால் பவுன்தாய் இல்லை. போனில் ஒரு வரி மட்டும் வந்திருந்தது: பவுன்தாய் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

இரண்டு மெமோ வாங்கியபோதுகூட நான் அப்படி வாடியதில்லை. குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் மிச்சம் இருந்தார்கள். எனக்கு அந்த ஒருத்தர் போனதுதான் கண்ணில் நின்றது. அவருடைய கருகிய இலை நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவர் கொழுந்தன் தங்கராசுவோ நேரெதிர். என் ரசிகர் மன்றம் என்று ஒன்று இருந்திருந்தால் அவர்தான் தலைவர், செயலாளர், பொருளாளர். என் பதிவு போய்ச் சேரும் முன்பே அவருடைய கும்பிடு வந்துவிடும். என் பதிவுகள் எல்லாவற்றையும் போனில் சேமித்து வைத்திருந்தார். நல்ல மனிதர். இந்தக் கதையில் வில்லன் தேடுகிறவர்கள் அவரிடம் போகாதீர்கள், முகவரி தவறு.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு காலை நேரம். சின்னமனூரில் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பியிருந்தார். பலமுறை பகிரப்பட்டது என்ற குறி அதன் தலையில் இருந்தது. அழுத்தினேன்.

“சொந்தங்களே! யோசிக்காதீக. இன்னைக்கே வெட்டிருங்க...”

புயல் வருடத்துப் பதிவு. அதைக் கேட்டதும் ஒரு அனுபவசாலியான அலுவலர் என்ன செய்வார்? பதறுவார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டேன். என்ன குரல்! ‘கத்தரியக் கையில எடுங்க’ என்கிற இடத்தில் என்ன ஒரு அழுத்தம்! அதற்குள் வேறு இரண்டு குழுக்களிலிருந்தும் அதே பதிவு வந்து விழுந்தது. பள்ளத்தாக்கு முழுக்க நான் ஒலித்துக்கொண்டிருந்தேன். பூரித்துப் போய், வடுகபட்டியில் இருக்கும் என் மைத்துனனுக்கும் அதை அனுப்பிவைத்தேன். ‘உன் மச்சான் குரல் ஊரெல்லாம் சுத்துது’ என்று கீழே எழுதினேன்.

அவன் உடனே பதில் போட்டான். ‘மச்சான், இன்னைக்கு மழையா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது.’

அப்போதுதான் என் மண்டை பிளந்தது. அந்தப் பதிவில் தேதி இல்லை, மாதம் இல்லை. ‘இன்னைக்கு’ இருந்தது, ‘நாளைக்கு’ இருந்தது. என்றைக்குக் கேட்டாலும் இன்றைக்குத்தான். முதல் நாள் மாலை மேகமலைப் பக்கம் லேசாகக் கறுத்திருந்தது. அதைப் பார்த்துப் பயந்த யாரோ பழைய பதிவைத் தேடி எடுத்து விட்டிருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும், சேமித்து வைத்திருந்தவர் ஒருவர்தான். வட்டாரத்தில் முக்கால்வாசிப் பந்தல்களில் நிறம் வந்து, இனிப்பு வராத பழம் தொங்கிக்கொண்டிருந்தது.

குளியலறைக்கு ஓடினேன். மறுப்புப் பதிவு போட வேண்டும். “சொந்தங்களே, வெட்டாதீக, அது பழைய...” என்று பேசும்போதே போன் அடித்தது. அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும் இல்லையா? யாரென்று பார்த்தேன், பவுன்தாய். அழைப்பைத் துண்டித்தேன். மறுபடி பேசத் தொடங்கினேன். மறுபடி பவுன்தாய். துண்டித்தேன். ‘ஊரே அழியப்போகிறது, இந்த அம்மாவுக்கு இப்பதான் பேச நேரம் கிடைத்ததா’ என்று வாய்விட்டே திட்டினேன். எல்லோரையும் காப்பாற்றும் அவசரத்தில் இருந்தவனுக்கு ஒருத்தரின் அழைப்பு தொந்தரவாகத் தெரிந்தது. தம்பி தங்கைகளே, இந்தக் கட்டுரையில் நீங்கள் அடிக்கோடு போடும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், இந்த வரிக்குக் கீழே போடுங்கள்.

எப்படியோ பேசி முடித்துக் குழுவில் போட்டேன். கும்பிடு கைகளுக்காகக் காத்திருந்தேன். வந்த பதில்கள் இவை:

‘இது சார் குரல் இல்லை.’

‘சார் குரல் கணீர்னு இருக்கும். இது யாரோ கீச்சுக்குரல்.’

‘இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே குரல் செஞ்சிர்றாக. வியாபாரிக வேலையா இருக்கும். நம்ப வேண்டாம் சொந்தங்களே.’

கடைசிப் பதில் தங்கராசுவுடையது. என்னைக் காப்பாற்றுவதற்காக என்னையே போலி என்று அறிவித்துவிட்டார்.

மனைவியிடம் ஓடிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். “இது என் குரலா இல்லையா? நீயே சொல்லு!”

“இதுதான் உங்க குரலு. கல்யாணமான நாள்லருந்து நான் கேக்குறது இதுதான். அந்தக் கணீர் யாருதுன்னுதான் எனக்குத் தெரியல” என்றார். அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது. நான் துண்டிக்க விரலை நீட்டினேன். மனைவி போனை என் கையிலிருந்து பிடுங்கி, “சொல்லு தாயி” என்றார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. “அது பழைய பேச்சு தாயி, வெட்ட விடாத” என்ற மனைவி போனை என்னிடம் தரவில்லை. வண்டிச் சாவியைத் தந்தார். “ஒங்க கணீர் அங்க ஒரு தோட்டத்த வெட்டிக்கிட்டு இருக்காம். நீங்க போயி நேர்ல கீச்சுங்க.”

போகிற வழியெல்லாம், குழுவில் நேரலை போட்டு முகத்தைக் காட்டினால் நம்புவார்களே என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. போன் என் மனைவியிடம் இருந்ததால் பிழைத்தேன். என் மன உறுதியின் கதை என்று யாரும் இதை மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.

தோட்டத்தில் ஒரு வரிசை ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது. தங்கராசு அறுப்புக்குக் கூட்டிவந்த பெண்கள் சும்மா நின்றார்கள். அவர்களிடமிருந்து பிடுங்கிய கத்தரிகளை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு, அடுத்த வரிசைக்கு முன்னால் பவுன்தாய் நின்றார். எதிரே தங்கராசு. இந்த நிலையிலும் கையில் போன்.

“வாங்க ஆபீசர்” என்றார் பவுன்தாய். “நீங்க கட் பண்ணிக்கிட்டே இருந்தீக. உங்க வீட்டம்மா எடுத்தாக. அந்த மகராசியாலதான் மிச்சம் நிக்குது.”

தங்கராசுவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “சார்! நீங்களே வந்துட்டீகளா! மதினி நம்ப மாட்டேங்குறாக. ஒரு வார்த்த சொல்லுங்க சார், வெட்டச் சொல்லி.”

“வெட்டாதீக தங்கராசு.”

“சார், நீங்க சொன்னதத்தான செய்யிறோம்?”

“நான்தான்யா இப்பச் சொல்றேன், வெட்டாதீகன்னு!”

“அது நீங்க இப்பச் சொல்றது.” அவர் போனை உயர்த்தினார். “இது நீங்க சொன்னது.”

அழுத்தினார். பந்தல் முழுக்க என் குரல் முழங்கியது. அறுப்புக்கு வந்த பெண்களில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவரா அவரு?”

“அவருதான்டி.”

“போன்ல கேக்கையில ஆளு நல்லா ஒசரமா இருப்பாருன்னுல்ல நெனச்சேன். ஆனா குரலு கணீர்னு இருக்குத்தா.”

அந்த நிலையிலும், சத்தியமாகச் சொல்கிறேன், ‘கணீர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று வாலாட்டியது.

“அது பழசுய்யா. புயல் அடிச்ச வருசம் பேசுனது” என்றேன்.

“பழசுன்னு அதுல எங்க சார் இருக்கு? இன்னைக்குன்னுல்ல இருக்கு?”

இதற்குமேல் வாயால் ஆகாது என்று தெரிந்தது. வெட்டிய கொத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். பல்லெல்லாம் கூசி, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. “ஆத்தாடி, சார் மூஞ்சியப் பாருங்கடி!” என்று பெண்கள் சிரித்தார்கள். பேசாமல் ஒரு பழத்தைத் தங்கராசுவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். என்மேல் அவருக்கு இருந்த விசுவாசத்தைப் பாருங்கள், முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

“இனிப்பாத்தான சார் இருக்கு” என்றார்.

“அப்படியா தம்பி?” பவுன்தாய் ஒரு முழுக் கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். “இந்தா. இதையும் தின்னு.”

தங்கராசு கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். இரண்டாவது பழத்தை வாய் வரைக்கும் கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை. “ஏலே, தின்னுடா” என்று ஒரு கிழவி சொன்னதும் எல்லோரும் சிரிக்க, அவரும் பல்கூச்சத்தோடு சிரித்துவிட்டார். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நான் வெற்றிவீரன். முடியவில்லை. பவுன்தாய் மேற்கே பார்த்தார். மலை உச்சியில் மேகம் உண்மையாகவே திரண்டிருந்தது.

“சரி, புளிக்குது. ஒத்துக்கிட்டேன். இப்ப ஒத்த வார்த்தையில சொல்லுங்க சார். மழை வருமா, வராதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘வராது, நான் சொல்றேன்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். தொண்டை அதற்குத் தயாராகவே இருந்தது. காலையில் வானிலைச் செய்தியில் சாரலுக்கு வாய்ப்பு என்று இருந்தது. பெருமழை என்று இல்லை. இல்லை என்றும் இல்லை. நான் ‘வராது’ என்று சொல்லி மழை வந்துவிட்டால், அந்த ஒரு சொல்லால் இவருடைய தோட்டம் போய்விடும்.

“தெரியாதும்மா” என்றேன். கீச்சுக்குரலில்தான் வந்தது. “இன்னைக்கு வெட்டுனா புளிப்பு நிச்சயம். விட்டுவச்சா மழை சந்தேகம். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்.”

அவர் ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு மடியை அவிழ்த்துக் கத்தரிகளை எடுத்து, அறுப்புக்கு வந்தவர்களிடம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். “வீட்டுக்குப் போங்கடி. சொல்லி விடுறேன், அன்னைக்கு வாங்க.”

“மதினி, மழை வந்துட்டா?” என்றார் தங்கராசு.

“வந்தா மாமாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். உன் போனு சொல்லாது.”

அன்று முழுக்க வண்டியில் தோட்டம் தோட்டமாகப் போனேன். நேரில் நின்று கீச்சினேன். பல இடங்களில் கத்தரி நின்றது. சில இடங்களில் நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் பழத்தை வியாபாரி கடித்துத் துப்பிவிட்டுப் போனார். அவர்களில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். திட்டவில்லை. “குரல் உங்களோடதுதான சார்?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். உங்களைச் சிரிக்க வைக்கத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். இந்த ஒருவரைப் பற்றி மட்டும் எனக்கு நகைச்சுவையாக ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு வந்த நாட்களில் வேலைக்குப் போகும் வழியில் பவுன்தாய் தோட்டத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ‘இன்றைய நிலவரம்’ என்று ஒரு படம் எடுத்துப் போடக் கை துறுதுறுக்கும். ஒரு தடவை எடுத்தும்விட்டேன். “சார், கொத்தப் பாக்க வந்தீகளா, எடுக்க வந்தீகளா?” என்றார் அவர். அழித்துவிட்டேன். ஒரு மாலையில் சாரல் அடித்தது. மறுநாள் போனபோது மேற்கோரம் சில கொத்துகளில் பழம் வெடித்திருந்தது. அவரும் தங்கராசுவும் ஏணியைப் போட்டுக்கொண்டு வெடித்த பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள், அழுகல் மற்றதற்கு ஏறாமல் இருக்க. நானும் ஒரு பக்கம் நின்று கிள்ளினேன். ஒரு கையால் கொத்தைப் பிடித்து மறு கையால் கிள்ள வேண்டிய வேலை. போன் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் துறை சிபாரிசு செய்யலாம்.

மழை அத்தோடு போயிற்று.

அறுப்பு அன்று எல்லையைத் தாண்டி வந்த வியாபாரி ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து, “கொள்ளாம்”, அதாவது நன்றாயிருக்கிறது, என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தி இன்னொரு பழத்தை எடுத்தார். வியாபாரி காசு பேசுவதற்கு முன் இரண்டாவது பழம் தின்று நான் பார்த்தது அதுதான். தங்கராசு தன் போனோடு என் பக்கம் வந்தார். “சார், நம்ம குழுவுக்கு ரெண்டு வார்த்த. உங்க யோசனையாலதான் இந்த வெள்ளாமைன்னு.” நான் தொண்டையைச் செருமினேன். வயிறு தானாக உள்ளே போயிற்று.

“ஏன் தம்பி, சார் வாய்க்கு வேல தேடுறியே, அவரு கையில்ல சும்மா இருக்கு?” என்று பவுன்தாய் ஒரு நிறைந்த பழப்பெட்டியை என் கையில் ஏற்றினார். இன்னொன்றைத் தங்கராசு கையில். நாங்கள் முதுகை வளைத்துப் பந்தலுக்கு வெளியே, வண்டியைப் பார்த்து நடந்தோம்.

வண்டிக்குப் பக்கத்தில் பவுன்தாயின் மாமனார் நின்றிருந்தார். காலையிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருந்தவர். என் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டு, நிதானமாகச் சப்பி, விதையைத் துப்பினார். இன்னொன்றையும் எடுத்தார். பிறகு கேட்டார்.

“அடுத்த கவாத்து எப்ப?”

அறுப்புக்கும் கவாத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, ஏன், எதற்கு, எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் துறை. வாயைத் திறந்தும்விட்டேன். அவருடைய கண் என்மேல் இல்லை, தங்கராசுமேலும் இல்லை. எங்களுக்குப் பின்னால் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மருமகள்மேல் இருந்தது.

“கொடி கொஞ்சம் மூச்சு விடட்டும் மாமா” என்றார் பவுன்தாய், பெட்டியை இறக்காமலே. “நான் சொல்றேன்.”

நான் வாயை மூடிக்கொண்டு பெட்டியை வண்டியில் ஏற்றினேன்.